பத்துப் பிளாச்சில் ஒரு ஸ்டார்

டிசம்பர் பிறந்ததும் பாளையங்கோட்டையில் வீட்டு வாசலில் ஸ்டார் தொங்க ஆரம்பித்துவிடும். இப்போது தொங்குவதில் பெரும்பாலானவை மடித்து விற்கிற அட்டை ஸ்டார்கள். விரித்து, பல்பைப் போட்டு, கொக்கியில் மாட்டினால் வேலை முடிந்தது. நாலு நாள் பனி இறங்கினால் ஓரம் ஊறி மூலை தொங்கிவிடும், அடுத்த வருஷம் புதுசு வாங்க வேண்டியதுதான். நான் கட்டுவது மூங்கில் ஸ்டார். சட்டத்தை ஒரு தடவை ஒழுங்காகக் கட்டிவிட்டால் பல கிறிஸ்துமஸுக்குத் தாங்கும். வருஷா வருஷம் மாற்ற வேண்டியது மேலே ஒட்டுகிற காகிதத்தை மட்டும்தான். அதனால் என் நேரத்தில் முக்கால்வாசி மூங்கிலுக்கே போய்விடும். இந்தப் பதிவிலும் அப்படித்தான் போகப்போகிறது.

மூங்கில் வாங்குவதிலேயே பாதி வேலை இருக்கிறது. ஏணி, கூடை, பந்தல் கம்பு எல்லாம் விற்கிற கடைக்குப் போய், "அண்ணாச்சி, ஸ்டார் கட்ட ஒரு கம்பு வேணும்" என்றேன். நான் கை வைத்த கம்பைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஏணிக்குப் போறது வேண்டாம் தம்பி. அது கல் மூங்கிலு, பொளக்கதுக்குள்ள கை போயிரும். கூடை மொடையுறதுக்கு வச்சிருக்கம்லா, அதுல ஒண்ணு எடுத்துக்கிடுங்க. கணு தள்ளித் தள்ளி இருக்கணும், அதான் கணக்கு."

அந்தக் கணக்கு சரியான கணக்கு. கணு இருக்கிற இடத்தில் நார் நேராக ஓடாது, சுருண்டு முடிச்சாகக் கிடக்கும். அங்கே மூங்கில் வளையவும் வளையாது, பிளப்பும் நேராக வராது. ஸ்டாரின் வளைவு விழுகிற இடத்தில் கணு வந்தால் அந்தப் பிளாச்சு, அதாவது பிளந்தெடுத்த மூங்கில் பத்தை, எதற்கும் ஆகாது. பச்சை வாடாத கம்பாகவும் பார்த்து வாங்க வேண்டும். நன்றாகக் காய்ந்த கம்பு கத்தி பட்டதும் கோணல்மாணலாகத் தெறிக்கும்.

வாங்கிய கம்பை நாலடித் துண்டுகளாக அறுத்துத் தண்ணீரில் ஊறப் போட்டேன். மூங்கிலுக்குள் இருக்கிற மாவுச்சத்துதான் வண்டுக்குத் தீனி. வண்டு விழுந்த மூங்கிலில் ஊசிமுனைத் துளை துளையாக இருக்கும், தட்டினால் மாவு மாதிரி கொட்டும். ரெண்டு வாரம் தண்ணீரில் கிடந்தால் அந்தச் சத்து கரைந்து வெளியேறிவிடும். தண்ணீர் நாறும், இடையிடையே மாற்ற வேண்டும். இதற்கு அவகாசம் வேண்டும் என்பதால் நான் நவம்பர் முதல் வாரமே மூங்கில் வாங்கிவிடுகிறேன். டிசம்பர் இருபதாம் தேதி ஸ்டார் கட்ட உட்காருகிறவர்கள் ஊறப் போடாமலே கட்டலாம், இந்த வருஷத்துக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த வருஷம் எடுத்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.

பிளப்பதற்கு ஒரே விதி, எப்போதும் சரிபாதி. கம்பின் வாயில் வெட்டுக்கத்தியை நடுவில் வைத்து, முதுகில் ஒரு கட்டையால் தட்டினால் கத்தி இறங்கும். அப்புறம் கத்தியை லேசாகத் திருகிக்கொண்டே போனால் பிளவு தானாக ஓடும். பாதி, அந்தப் பாதியில் பாதி, மறுபடி பாதி. ஓரத்திலிருந்து மெல்லிசாக ஒன்றை மட்டும் சீவி எடுக்கப் பார்த்தால், பிளவு மெல்லிய பக்கமாக ஓடி நடுவிலேயே வெளியே வந்துவிடும். சரிபாதியாகப் பிளக்கும்போதும் சில நேரம் ஒரு பக்கம் சாயும். அப்போது கத்தியை நிறுத்திவிட்டு, தடித்த பக்கத்தைக் கையால் பிடித்து வெளிப்பக்கமாக வளைத்துக்கொண்டே கிழிக்க வேண்டும். பிளவு நகர்ந்து மறுபடி நடுவுக்கு வரும். கண்ணால் பார்க்கலாம்: வெள்ளையாக ஓடுகிற அந்தக் கோடு, நாம் வளைக்கிற பக்கமாக மெல்ல ஒதுங்கும். இது கைக்குப் பிடிபட்டுவிட்டால் மூங்கில் வேலையில் பயப்பட ஒன்றும் கிடையாது.

பிளந்த பத்தையில் தோல் பக்கம்தான் உயிர். நார் அங்கேதான் நெருக்கமாக இருக்கும். உள்பக்கம் வெளிறிப் போய், நார் குறைந்து, சொதசொதவென்று இருக்கும். அதைச் சீவித் தள்ளிவிட வேண்டும். அரை அங்குல அகலம், கால் அங்குலத்துக்கும் குறைவான கனம், இதுதான் மூன்றடி ஸ்டாருக்கு நான் வைத்துக்கொள்கிற அளவு. ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துவிடுவது நல்லது. காகிதம் கிழியாது, கையில் சிலாம்பும் ஏறாது. சீவித் தள்ளிய உள்சதையைக் குப்பையில் போட வேண்டாம், பின்னால் குடிலுக்கு, அதாவது இயேசு பிறந்த தொழுவத்தின் மாதிரிக்கு, ஆகும்.

ஐந்து பிளாச்சில் ஒன்றாக ரெண்டு தட்டை ஸ்டார் கட்டி, ரெண்டையும் சேர்த்தால்தான் தொங்கவிடுகிற ஒரு ஸ்டார். அதற்கான பத்துப் பிளாச்சும் ஆனதும் ஒவ்வொன்றையும் ரெண்டு முனையிலும் பிடித்து வில்லாக வளைத்துப் பார்ப்பேன். ஒன்று சுலபமாக வளையும், ஒன்று முரண்டு பிடிக்கும். முரடுகளை ஒரு ஸ்டாருக்கும் இளசுகளை இன்னொன்றுக்கும் பிரித்து வைத்தால் ரெண்டும் தனித்தனியாக ஒழுங்காக இருக்கும். கலந்து கட்டினால் ஸ்டார் ஒரு பக்கம் புடைத்து ஒரு பக்கம் சப்பையாகத் தெரியும். சீவினால் இளகும் என்பதால் முரடைக் கொஞ்சம் சீவியும் சரிக்கட்டலாம்.

இனி அளவு. ஐந்து குச்சியை ஒன்றன்மேல் ஒன்று போட்டு ஐந்துமுனை ஸ்டார் கட்டும்போது, ஒவ்வொரு குச்சியையும் மற்ற குச்சிகள் நடுவில் ரெண்டு இடத்தில் வெட்டும். அந்த வெட்டு எங்கே விழும் என்பதைக் கண்ணளவில் பார்த்துக் கட்டுகிறவர்கள் உண்டு. நான் முன்னாலேயே பென்சிலால் குறித்துவிடுகிறேன். 36 அங்குலக் குச்சி என்றால் 13¾, 8½, 13¾. எந்த அளவுக்குக் கட்டினாலும் முழு நீளத்தை 0.382-ஆல் பெருக்கினால் முனையிலிருந்து முதல் வெட்டு கிடைக்கும். மறுமுனையிலிருந்தும் அதே அளவு. நீளத் துண்டை நடுத்துண்டால் வகுத்தால் 1.618 வரும், பள்ளிக்கூடத்தில் தங்க விகிதம் என்று சொல்லிக்கொடுத்த அதே எண். தம்பி மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். "பெரியப்பா, இது கணக்குப் புத்தகத்துல இருக்கு" என்று கால்குலேட்டரை எடுத்துவந்து தட்டிப் பார்த்துவிட்டு, மீதி ஒன்பது குச்சிக்கும் அவனே குறி போட்டான். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் மொராவியன் சபையார் செய்கிற 25 முனை ஸ்டாரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிக்கூடப் பையன்களுக்கு வடிவக்கணிதம் சொல்லிக்கொடுக்கச் செய்ததில்தான் தொடங்கியது என்பார்கள். நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

முனையில் நூல் சுற்ற ரெண்டு பக்கமும் அரை அங்குலம் கூடுதலாக விட்டு 37 அங்குலமாக வெட்டிக்கொண்டேன். கூடுதல் விட்ட இடத்தில் கத்தியால் சின்னதாக ஒரு வெட்டு வாய். நூல் நழுவாது. குச்சிகளைப் போடும்போது பாய் பின்னுகிற மாதிரி ஒரு வெட்டில் மேலாகவும் அடுத்த வெட்டில் கீழாகவும் கோத்துப் போட்டால், நூல் கட்டுவதற்கு முன்பே அது ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். தோல் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். வளையும்போது இழுபடுவது வெளிப்பக்கம், இழுப்பைத் தாங்குகிறது தோல்தான். முனைகளைக் காடா நூலால் இறுக்கிக் கட்டினேன். நடு வெட்டுகளுக்கு ஒரே ஒரு சுற்று, அதுவும் தளர்வாக. உள்ளே கட்டை கொடுக்கும்போது குச்சி கொஞ்சம் நகர இடம் வேண்டும்.

இப்படி ரெண்டு ஸ்டார். ரெண்டையும் முனைக்கு முனை பொருத்தி ஐந்து முனையையும் சேர்த்துக் கட்டினால் தட்டையாக ஒரே ஸ்டார் மாதிரி கிடக்கும். அதற்கு வயிறு கொடுப்பதுதான் கட்டை. ஏழு அங்குல நீளத்தில் ஐந்து கட்டை, ஒவ்வொன்றின் ரெண்டு முனையிலும் குச்சி உட்காருகிற மாதிரி வாய் வெட்டியிருக்க வேண்டும். உள்வெட்டுகள் ஐந்துக்கும் ஒவ்வொரு கட்டை. வரிசையாக ஒன்று, ரெண்டு, மூன்று என்று கொடுத்துக்கொண்டு போனால் ஸ்டார் முறுக்கிக்கொள்ளும். ஒன்றைக் கொடுத்துவிட்டு அடுத்ததைத் தாண்டி மூன்றாவது, அப்புறம் ஐந்தாவது, ரெண்டாவது, நாலாவது என்று போனால் இழுப்பு எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும்.

கடைசிக் கட்டை உள்ளே போகும்போது மூங்கில் முனகும், காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். இழுபட்டு உட்காருகிற சத்தம் நீளமாக, தாழ்ந்து வரும். அதில் பயமில்லை. வளைவின் மேல்தோலில் மெல்லிசாக ஒரு நார் எழும்பி நின்றால் மட்டும் அங்கேயே நிறுத்திக் கட்டையை எடுத்துவிட வேண்டும். அடுத்தது 'சடக்'தான். அந்தக் குச்சியைக் கொஞ்ச நேரம் ஈரத்துணி சுற்றி வைத்து, இன்னும் சீவி, மறுபடி கொடுக்கலாம்.

கட்டைகளைப் பசை போட்டு ஒட்டுவதே கிடையாது. வாய் வெட்டின பிடிப்பும் மூங்கிலின் இழுப்புமே போதும். காற்றில் ஆடும்போது கழன்றுவிடக் கூடாது என்று மேலே ஒரு சுற்று நூல், அவ்வளவுதான். ஏன் ஒட்டக் கூடாது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

காகிதத்துக்கு வருவோம். இந்தச் சட்டத்துக்கு 22 துண்டு வேண்டும். முன்னும் பின்னுமாகக் கைகளுக்குப் பத்து முக்கோணம், அடிப்பக்கம் 8½, ரெண்டு பக்கமும் 13¾. கைகளின் விலாவுக்குப் பத்து முக்கோணம், அடிப்பக்கம் 7, மற்ற ரெண்டும் அதே 13¾. நடுவில் முன்னும் பின்னும் ரெண்டு ஐங்கோணம், பக்கம் 8½. எல்லாவற்றுக்கும் சுற்றி அரை அங்குலம் மடிப்புக்கு விட வேண்டும். சார்ட் அட்டையில் மூன்று அச்சு வெட்டி வைத்துக்கொண்டால் அடுத்த வருஷமும் அதையே வைத்து வெட்டலாம்.

கடையில் கலர் கலராகத் தொங்குகிற கிரேப் பேப்பர் எனக்கு ஆகாது. கொஞ்சம் ஈரம் பட்டாலும் சாயம் இறங்கித் திண்ணையெல்லாம் சிவப்பாகிவிடும். நான் போடுவது வெள்ளைக் காத்தாடித் தாள். அதில் ஒரு வித்தை இருக்கிறது. ஒட்டும்போது எவ்வளவு இழுத்து ஒட்டினாலும் அங்கங்கே சுருக்கம் நிற்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். பசை முழுக்கக் காய்ந்த பிறகு, இஸ்திரி போடும்போது தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலால் புகை மாதிரி லேசாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். தாள் முதலில் இன்னும் தொய்யும். நிழலில் காயக் காயச் சுருங்கி, சட்டத்தின்மேல் மேளத்தோல் மாதிரி இழுத்துக்கொள்ளும். சுண்டினால் சத்தம் வரும். பசை காய்வதற்குள் தண்ணீர் அடித்தால் ஓரம் பிடுங்கிக்கொண்டு வரும், அந்த அவசரம் மட்டும் கூடாது.

பசை மைதாப் பசைதான். ஒரு கப் மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஐந்து கப் தண்ணீர் வருகிற மாதிரி ஊற்றி, சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரி ஆகும்போது இறக்கிவிடலாம். கரப்பானும் பூசணமும் வராமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம், பைண்டிங் கடைக்காரர்கள் போடுகிற மாதிரி. அது விஷம். சமையல் பாத்திரத்தில் காய்ச்சக் கூடாது, சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. பிள்ளைகளும் சேர்ந்து ஒட்டுகிற வீடு என்றால் துத்தமே போடாமல், அன்றன்றைக்குக் காய்ச்சின பசையை அன்றே தீர்த்துவிடுங்கள். பாட்டிலில் வருகிற வெள்ளைப் பசை இன்னும் கெட்டியாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஜனவரியில் பழைய தாளை உரிக்கும்போது அது மூங்கிலோடு பொருக்காக ஒட்டிக்கொண்டுவிடும், வராது. மைதாப் பசை, ஈரத்துணியை ஒற்றினால் வழித்துக்கொண்டு வந்துவிடும்.

வெள்ளைத் தாளே எதற்கு, கலர் இல்லாமல் ஸ்டாரா என்று வீட்டில் கேட்டார்கள். கலருக்குப் பதிலாக நிழல் வைத்தேன். முன்பக்கத் தாளின் உள்புறத்தில், ஒட்டுவதற்கு முன்பே, கறுப்பு சார்ட்டில் வெட்டிய சின்னச் சின்ன உருவங்கள்: பனைமரம், ஒட்டகம், நடு ஐங்கோணத்தில் எங்கள் ஊர்த் தேவாலயத்தின் ஊசிக்கோபுரம். பகலில் ஒன்றும் தெரியாது, வெறும் வெள்ளை ஸ்டார். விளக்குப் போட்டதும் நிழலாக எழும்பும்.

விளக்குக்கு அந்தக் காலத்தில் 40 வாட், 60 வாட் குண்டு பல்பு போடுவார்கள். அது மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகத்தான் கொடுக்கும். தாள் பழுத்துப்போகும், பல்பில் பட்டால் கருகும். ஜீரோ வாட் என்று விற்ற பல்புகூட உண்மையில் பத்துப் பதினைந்து வாட் இழுக்கிற சாமான்தான். 5 வாட் எல்இடி தாராளம். வெள்ளை வெளிச்சம் வெள்ளைத் தாளில் நீலம் பாய்ந்த மாதிரி தெரியும் என்பதால் மஞ்சள் வெளிச்சம் தருகிற வார்ம் ஒயிட் வாங்கினேன். எல்இடியின் அடிப்பாகமும் சுடத்தான் செய்யும், தாளில் படாமல் நடுவில் தொங்க வேண்டும். பின் ஐங்கோணத்தின் மேல்விளிம்பை மட்டும் ஒட்டித் திரை மாதிரி விட்டிருக்கிறேன், பல்பு மாற்ற அதுதான் வாசல். ஹோல்டரின் கனம் ஒயரில் நிற்கக் கூடாது. மேல்முனையிலிருந்து ஒரு தனிக் கயிறு கட்டி ஹோல்டரை அதில் தொங்கவிட்டு, ஒயரைக் கயிறோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். ஒயர் ஸ்டாருக்குள் போவதற்கு முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், வழிந்து வருகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். திறந்தவெளியில் ஒயர் ஜாயிண்ட் போட்டு டேப் சுற்றுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் என்றதும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் டிசம்பரில் பனி மட்டும் பெய்யாது, வடகிழக்குப் பருவமழையின் வாலும் இருக்கும். 2023 டிசம்பர் 17, 18-ல் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் பெய்ததை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அப்படிப்பட்ட மழைக்கு எந்தத் தாளும் நிற்காது. சாதாரணப் பனிக்கும் தூறலுக்கும், தாள் இழுத்துக் காய்ந்த பிறகு ஒரு மெழுகுவத்தியை வெயிலில் வைத்து இளக்கி மேல்பாகத் தாள்களில் தேய்த்துவிட்டால் போதும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு போகும், வெளிச்சமும் கொஞ்சம் கூடும். மெழுகு பூசினால் குண்டு பல்பு பக்கமே போகக் கூடாது, எல்இடி மட்டும்தான். மாடியில் கம்பம் நட்டு ஏற்றுவதை விட, தாழ்வாரத்துக்கு உள்ளே தொங்கவிடுவது ஸ்டாருக்கு நல்லது. வீடு வீடாகப் பாடிக்கொண்டு கீத பவனி வருகிறவர்கள் தெருவிலிருந்தே பார்த்துக்கொள்வார்கள்.

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடச் சின்ன ஸ்டார்கள் பனை ஓலையில் செய்தோம். குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை மடிக்கத் தெரிந்த கைக்கு இது கஷ்டமே இல்லை. ஈர்க்கை உருவிவிட்டு, அரை அங்குல அகலத்தில் பதினைந்து அங்குல நீளத்தில் நாலு நறுக்கு. நாலையும் இரண்டாக மடித்து, ஒன்றின் வாயில் இன்னொன்றை நுழைத்துச் சதுர முடிச்சாக இறுக்கி, மேலே நிற்கிற வால்களை மடித்து மடித்துச் செருகினால் பக்கவாட்டில் எட்டு முனை, முன்னால் நாலு, பின்னால் நாலு, ஆக மொத்தம் பதினாறு முனை. ஐரோப்பாவில் காகிதத்தில் செய்கிற இதை, கிண்டர்கார்ட்டனைத் தொடங்கிய ஃப்ரோபெல் பெயரால் சொல்வார்கள். காகிதத்தில் மடிப்பதற்கும் ஓலையில் மடிப்பதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான்: காய்ந்த ஓலை மடிப்பில் வெடிக்கும். ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஒன்றொன்றாக உருவி மடிக்க வேண்டும். அகலம் நாலிலும் ஒரே மாதிரி இருந்தால்தான் முடிச்சு சதுரமாக உட்காரும். சாயம் தோய்க்கவில்லை, ஓலையின் நிறமே நன்றாக இருக்கிறது.

குடில் என் மனைவி பொறுப்பு. நாங்கள் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட் சபை), அவள் பிறந்த வீடு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்). குடில் வைக்கிற வழக்கம் அவளோடு வந்தது. 1223-ல் இத்தாலியின் கிரேச்சோவில் பிரான்சிஸ் அசிசியார் தொடங்கி வைத்த வழக்கம் அது. மூங்கிலில் சீவித் தள்ளிய உள்சதை குடிலுக்குக் கூரையானது. மலைக்குச் சாக்கைக் கஞ்சியில் முக்கிப் பெட்டிகள்மேல் போர்த்திக் காயவிட்டாள். விறைத்துக்கொண்டு அதுவே மடிப்பும் பள்ளமுமாக நின்றுவிட்டது. மேலே கொஞ்சம் காவி, கொஞ்சம் கரித்தூள்.

புல்லுக்குக் கேழ்வரகு. முளைப்பாரி போடுகிற அதே முறைதான். ராத்திரி ஊறவைத்து, தட்டில் தென்னைநார்க் கழிவைப் பரப்பி, மேலே நெருக்கமாகத் தூவி, முளை கிளம்பும் வரை ஈரச்சாக்கால் மூடி வைக்க வேண்டும். டிசம்பர் 14, 15 வாக்கில் விதைத்தால் 24-ம் தேதிக்குச் சரியான உயரத்தில் நிற்கும். முளை வந்ததும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், இருட்டிலேயே விட்டால் முளைப்பாரி மாதிரி வெளிறி நீண்டுவிடும். குடிலுக்குப் பச்சைதான் வேண்டும். பாலன் இயேசுவின் சுரூபம் 24 நடுராத்திரிப் பூசை முடிந்து வந்த பிறகுதான் தொட்டிலில் ஏறும், அதுவரை தொட்டில் காலியாகவே இருக்கும். மூன்று ராஜாக்களும் அலமாரியின் மறுகோடியிலிருந்து தினம் கொஞ்சம் நகர்ந்து ஜனவரி 6-க்கு வந்து சேர்வார்கள். நகர்த்துகிற உரிமைக்குப் பிள்ளைகளுக்குள் சண்டை.

ராஜாக்கள் வந்து சேர்ந்த மறுநாள் ஸ்டாரை இறக்கிவிடுவேன். முதலில் தாளைக் கிழித்து, ஈரத்துணியால் பசையை வழித்து, சட்டத்தைக் காயவிட வேண்டும். அப்புறம் ஐந்து கட்டையையும் போட்ட வரிசைக்கு எதிர்வரிசையில் உருவி எடுத்தால் ஸ்டார் மறுபடி தட்டையாகிவிடும். ஒட்டாமல் விட்டது இதற்குத்தான். மூன்றடி ஸ்டாரை வயிறோடு வைக்க எந்த வீட்டில் இடம் இருக்கிறது? தட்டையானால் பீரோவுக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து நிற்கும். வருஷம் முழுக்க வளைந்தே கிடந்தால் மூங்கில் அந்த வளைவையே பழகிக்கொண்டு இழுப்பை விட்டுவிடும், கட்டையும் அடுத்த வருஷம் பிடிக்காது. கட்டைகளில் ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதி, சார்ட் அச்சுகளோடு ஒரு துணிப்பையில் போட்டு மேல்முனையிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.